ஏறுவரிசையில் ஒழுங்கின்மை

காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில், மூன்றடுக்கு ஜவுளிக்கடை ஒன்றின் தலைமேல் உட்கார்ந்திருந்தது மேற்கு மண்டலப் பதிவுச் சேமிப்புத் தரநிர்ணய வாரியம். அத்தனை நீளப் பெயருக்குப் பலகை போதவில்லை என்பதால் 'சேமிப்பு வாரியம்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, இங்கே சீட்டுச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் மூச்சு வாங்கப் படியேறி வருவதும், விஷயம் தெரிந்து அப்படியே கீழே இறங்கிப் பட்டுச்சேலை பார்க்கப் போவதும் அங்கே தினப்படி நடக்கும்.

வாரியத்தின் வேலை வேறு. சுற்று வட்டார மருத்துவமனைகளில் எடுக்கிற எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கணினியில் பூட்டி வைக்கிற சேமிப்பு மிஷின்களை அவர்கள் சோதித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லவேண்டும். அவர்கள் சொன்ன மிஷினைத்தான் மருத்துவமனைகள் வாங்கவேண்டும்.

மெர்சி அங்கே ஒப்பந்த வேலையில் சேர்ந்தாள். 'பணிச்சுமை வடிவமைப்பாளர்' என்பது பதவியின் பெயர். அப்பா ஜெரோம் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "சொமை தூக்கற வேலையா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா. சொமையை மிஷின் மேல ஏத்தற வேலை."

அது உண்மைதான். ஒரு மருத்துவமனை நாள் முழுக்க மிஷினிடம் என்னவெல்லாம் கேட்குமோ, அதையெல்லாம் பொய்யாகக் கேட்டு, அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு முதலில் சில விஷயங்களை முடிவு செய்யவேண்டும். ஒரு தடவைக்கு எவ்வளவு பெரிய துண்டாகக் கேட்பது. அதற்குப் பெயர் பிளாக் சைஸ். அடுத்த துண்டை வரிசையாகக் கேட்பதா, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்பதா. படிக்கக் கேட்பது எத்தனை பங்கு, எழுதச் சொல்வது எத்தனை பங்கு. இவற்றை மருத்துவமனையின் நடப்புக்குத் தக்கபடி வைத்தால் சோதனை உண்மை சொல்லும். மாற்றி வைத்தாலும் ஏதோ சொல்லத்தான் செய்யும்.

மெர்சிக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. நூல் மில்லில் பஞ்சு அடிக்கும் பிரிவில் காலமெல்லாம் நின்றவர் ஜெரோம். இப்போது அந்தியூர்ப் பக்கம் தன் தம்பி வீட்டோடு இருந்தார். இருமல் விடாமல் இருக்கவே வட்டார மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நெஞ்சில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. போன வருடமும் அதே மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்திருந்தார். டாக்டர் மானசா பழைய படத்தைத் திறக்கச் சொல்லிக் கணினியைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவரையும் கூட வந்திருந்த மெர்சியையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழசைப் பாக்காம இது வளருதா, அப்படியே நிக்குதான்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்திலிருந்த நர்ஸ் ஆறுதலாக, "கோயமுத்தூர்ல ஏதோ வாரியம் புது மிஷின் பாத்துட்டிருக்கறாங்களாமா. அது வந்தா ஒடனே தொறந்துருமுங்க" என்றாள்.

ஜெரோம் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த வாரியத்துலதானுங்க எம்பொண்ணு இருக்கறா" என்றார். நர்ஸ், டாக்டர், ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் மெர்சியை மரியாதையாகப் பார்த்தார்கள். மெர்சி அன்றைக்கு அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் பதிவுகளை எப்படித் திறக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரு ஸ்கேன் என்பது ஒரே படம் அல்ல. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் படங்கள். வருகிற ஆட்களுக்கு எந்த வரிசையும் கிடையாது. நேற்று வந்தவருக்குப் பின்னால் நாலு வருடத்துக்கு முன்பு வந்தவர் வருவார். பெரும்பாலும் பழசைப் படிக்கிற வேலை. ஆகவே சின்னத் துண்டு, தாறுமாறான வரிசை, அதிகமும் படிப்பு. இதைத் தெளிவாக எடுத்துக்கொண்டு வாரியத்துக்கு வந்தாள்.

வாரியத்தின் இயக்குநர் சென்னகேசவன் பொறுமையான மனிதர். யார் பேசினாலும் முழுசாகக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும், தான் முன்பே சொல்ல நினைத்திருந்ததைச் சொல்வார்.

"ஏனுங்கம்மணி, ஆஸ்பத்திரிக்கே போயிப் பாத்துட்டு வந்தீங்களாமா?"

"ஆமாங்க சார். அவங்க எப்படிக் கேக்கறாங்களோ அதே மாதிரி நாமளும் கேட்டுப் பாத்தா—"

"அங்கதானுங்க தப்பு. ஆஸ்பத்திரியைப் பாத்துச் சோதனை வெச்சா, அது ஆஸ்பத்திரிக்கு மட்டும் பொருந்தற சோதனை ஆயிருமுங்க. நம்முளது பொதுவான வாரியம். எதுக்குமே பொருந்தாம இருந்தாத்தான் எல்லாத்துக்கும் பொதுவா இருக்கும். இல்லீங்களா?"

மெர்சி யோசித்துப் பார்த்தாள். அந்த வாக்கியத்தில் எங்கே கைவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிளாக் சைஸ் முடிவு செய்யக் கூட்டம் கூடியது. இயக்குநரைத் தவிர, நடைமுறை அலுவலர் சாயிரா பானுவும், கௌரவ உறுப்பினர் அரங்கசாமியும் வந்திருந்தார்கள். அரங்கசாமி மில் வைத்து நடத்தியவர். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொண்டுவருவார்; தான் மட்டும் சர்க்கரை என்று சொல்லித் தொடமாட்டார்.

மெர்சி நாலு கிலோபைட் துண்டு என்று சொன்னாள்.

"நாலா?" என்றார் அரங்கசாமி. அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "அம்மணி, நாங்க பஞ்சு வாங்குனா லோடு கணக்குல வாங்குவோமுங்க. நாலு நாலாக் கேக்கறதுன்னா பொட்டிக்கடையில ஒத்தை வெத்தலை கேக்கற மாதிரி. வாரியத்துக்குன்னு ஒரு கௌரதை இருக்குதுல்லீங்க. ஆயரத்து இருவத்தி நாலுன்னு வெய்யுங்க. கேக்கவும் நல்லாருக்கும்."

"ஆஸ்பத்திரியில அவ்வளவு பெருசா யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"பெருசாக் கேட்டுப் பழகுனாத்தானுங்க பெருசா வளர முடியும்."

சென்னகேசவன் இருவரையும் பார்த்துச் சிரித்தார். மனஸ்தாபம் வரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. நாலையும் ஆயிரத்து இருபத்து நாலையும் கூட்டிப் பாதியாக்கச் சொன்னார். ஐந்நூற்றுப் பதினான்கு வந்தது.

"சார், அது நாலால வகுபடாதுங்க" என்றாள் மெர்சி. "மிஷினுக்குள்ள இருக்கற கட்டமெல்லாம் நாலு நாலா இருக்குது. இந்த அளவு வெச்சா துண்டு கட்டத்துக்குள்ள சரியா உக்காராது. இந்தக் கட்டத்துல ஒரு கால், அந்தக் கட்டத்துல ஒரு கால்னு நிக்கும்."

"நடுநெலைன்னா அப்படித்தானுங்க நிக்கோணும்" என்றார் இயக்குநர். "நானும் இந்த நாற்காலியில இத்தனை வருசமா அப்படித்தான் நிக்கறேன்."

தீர்மானம் நிறைவேறியது. மெர்சியின் ஆட்சேபம் குறிப்பில் ஏறவில்லை. ஆட்சேபம் என்று ஒரு தலைப்பு இல்லை என்றும், கருத்து என்றுதான் இருக்கிறது என்றும் சாயிரா பானு விளக்கினார். 'பணிச்சுமை வடிவமைப்பாளர் கருத்துத் தெரிவித்தார். வாரியம் கேட்டுக்கொண்டது' என்று எழுதினார். அது பொய் இல்லை.

அடுத்தது வரிசை. ரேண்டம் என்ற சொல்லுக்கு மெர்சி தமிழில் 'ஒழுங்கற்ற அணுகுமுறை' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். சாயிரா பானு அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். நேர்மையான பெண்மணி. ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் என்று பெயர்.

"மெர்சி, நாளைக்குத் தணிக்கைக்காரங்க வருவாங்க. 'சோதனையை ஒழுங்கற்ற முறையில செஞ்சோம்'னு நீங்களே எழுதி, நானே கையெழுத்துப் போட்டிருக்கறேன். என்னன்னு கேட்டா நான் என்னத்தைம்மா சொல்றது?"

"மேடம், அது அந்த ஒழுங்கு இல்லீங்க. எந்த எடத்தைக் கேக்கப் போறோம்னு மிஷினுக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது. அவ்வளவுதான்."

"முன்கூட்டித் தெரியாம ஒண்ணு நடந்தா அது விதிமீறல்."

வாரியம் இரண்டு கூட்டம் போட்டு இதற்கு வழி கண்டது. ஒழுங்கின்மை இருக்கலாம், ஆனால் அது முறைப்படி வரவேண்டும். எல்லாருக்கும் எதிரில் சீட்டுக் குலுக்கி எடுத்த எண்களை வரிசையாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. கீழே ஜவுளிக்கடையிலிருந்து பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று வந்தது. கடையின் விற்பனைப் பெண்கள் நடுநிலைச் சாட்சிகளாக வந்தார்கள். காலையிலிருந்து மாலை வரை சீட்டு எடுத்தார்கள்; அதை வீடியோவும் எடுத்தார்கள். மெர்சிக்கு நம்பிக்கை கொஞ்சம் துளிர்த்தது. எண்கள் நிஜமாகவே தாறுமாறாக வந்திருந்தன.

மறுநாள் சாயிரா பானு அந்த எண்களைச் சரிபார்க்க உட்கார்ந்தார். முன்னும் பின்னுமாக இருந்ததால் கண் வலித்தது. சரிபார்க்க வசதியாக எல்லாவற்றையும் ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னார். அடுக்கியதும் நடுநடுவே சில எண்கள் விடுபட்டிருப்பது பளிச்சென்று தெரிந்தது. அரங்கசாமி அதைப் பார்த்துவிட்டு, "இதுக என்ன பாவஞ்செஞ்சுதுங்க? சீட்டுல வராமப் போனது அதுக குத்தமா?" என்று கேட்டார். வாரியத்தில் எவர் மனதிலும் பாரபட்சம் கிடையாது. விடுபட்ட எண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கடைசியாக மெர்சியின் கைக்கு வந்த ரேண்டம் பட்டியல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தொடங்கி அப்படியே போனது. அதன் கடைசியில் சாட்சிகளின் கையெழுத்து இருந்தது.

அன்றைக்குத்தான் அவள் தன் கோபம் எங்கோ நழுவிப் போயிருப்பதைக் கவனித்தாள். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, எழுந்து ஊன்றினாலும் அது யாருடைய காலோ போல இருக்குமே, அந்த மாதிரி இருந்தது நெஞ்சுக்குள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டுவிட்டால் உள்ளே இருந்து சொல்ல ஒருத்தியும் இருக்கமாட்டாள் என்றும் நினைத்தாள். சொல்லி என்ன ஆயிற்று என்று நினைப்பதற்கு முன் டீ வந்துவிட்டது.

படிப்பு, எழுத்துப் பங்கு விஷயத்தில் சென்னகேசவன் நேரடியாகவே பேசினார்.

"பத்துல எட்டுப் பங்கு படிப்புன்னு போட்டிருக்கறீங்க. நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க அம்மணி. நான் முப்பது வருசமா அரசாங்கத்துல இருக்கறேன். அறிக்கை எழுதியிருக்கறேன், குறிப்பு எழுதியிருக்கறேன், பதிலுக்குப் பதில் எழுதியிருக்கறேன். ஒண்ணையாவது ஒருத்தராவது படிச்சதா எனக்குத் தகவல் இல்லீங்க. எழுதறதுதான் வேலை. படிக்கறதுங்கறது ஒரு வதந்தி."

ஆகவே படிப்பு பூஜ்யம், எழுத்து நூறு என்று ஆனது.

எதை எழுதுவது என்ற கேள்வி வந்தது. நோயாளிகளின் உண்மையான படங்களைச் சோதனைக்கு எடுத்தால் அந்தரங்கம் போய்விடும் என்றார் சாயிரா பானு. அதில் நியாயம் இருந்தது. அப்படியானால் ஏதாவது கலைத்துப்போட்ட எழுத்துக்களைப் போலியாக எழுதலாம் என்றாள் மெர்சி. பொய்த் தகவலை அரசுப் பதிவில் ஏற்றுவது குற்றம் என்றார் சாயிரா பானு. அதிலும் ஒரு நியாயம் இருந்த மாதிரி இருந்தது. இயக்குநர் யோசித்து, "பூஜ்யம் எழுதுங்க" என்றார். "பூஜ்யம் மெய்யுமில்ல, பொய்யுமில்ல. யாரையும் புண்படுத்தாது."

மூன்று கம்பெனிகள் மிஷின் கொண்டுவந்தன. வாரியத்தின் கூடத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தி, முன்னால் வேகத்தைக் காட்டுகிற பெரிய எண்பலகை ஒன்றை மாட்டினார்கள். முதல் இரண்டு மிஷின்களும் வெகுளியானவை. பூஜ்யத்தையும் மெனக்கெட்டு எழுதிவைத்தன. எண்பலகையில் சுமாரான எண் வந்தது.

மூன்றாவது மிஷின் வம்சி என்ற விற்பனை மேலாளருடையது. அவன் சிரித்த முகமாக வந்து, அதன் முன்பக்கக் கதவைத் திறந்து துடைத்தான். உள்ளே, படங்களை எழுதிச் சேமிக்கிற டிஸ்க் இருக்கவேண்டிய துளைகளிலெல்லாம் வெறும் பிளாஸ்டிக் மூடிகள் இருந்தன.

"டிஸ்க் எங்கேங்க?" என்று கேட்டாள் மெர்சி.

"லாரி ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு மேடம். சேலத்துல இருக்குது. வந்துரும்."

"டிஸ்க் இல்லாம எதுல எழுதும்?"

"மேடம், எழுதறதுக்கு முன்னால வாங்கி வெச்சுக்க உள்ள கொஞ்சம் மெமரி இருக்குது. அதுவே போதும், பாருங்களேன்."

சோதனை தொடங்கியது. வருவதெல்லாம் பூஜ்யம் என்பதை அந்த மிஷின் நொடியில் கண்டுகொண்டது. 'பூஜ்யம்தானே, தெரியும்' என்று பதில் சொல்லிவிட்டு எதையும் எழுதாமல் அடுத்ததற்குக் காத்திருந்தது. எண்பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. இடம் போதாமல் முதல் இலக்கம் பலகையை விட்டு வெளியே போய்விட்டது. அரங்கசாமி எழுந்து நின்று கைதட்டினார்.

"சார், அதுல டிஸ்க்கே இல்லீங்க" என்றாள் மெர்சி. தன் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல அவளுக்குப்பட்டது.

சென்னகேசவன் வம்சியைப் பார்த்தார். வம்சி பணிவாக, "சார், டிஸ்க் இல்லாமலே இந்த வேகம்னா, டிஸ்க்கும் போட்டா எப்படி இருக்கும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க" என்றான்.

இயக்குநர் நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க அவர் முகம் மலர்ந்தது.

அந்த வாரமே பாராட்டு விழா வைத்தார்கள். வெற்றி பெற்ற மிஷினுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. பொன்னாடை சின்னதாக இருந்ததால் சென்னிமலைப் பெட்ஷீட் ஒன்றை வாங்கிவந்து போர்த்தினார்கள். காற்று போகிற வழியெல்லாம் அடைபட்டு மிஷின் சூடாகி, விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அது முடியட்டும் என்று சற்று நிறுத்திவிட்டு சென்னகேசவன் பேசினார்.

"சில பேரு கேக்கறாங்க, இந்தச் சோதனை ஆஸ்பத்திரிக்கு ஒத்து வருமான்னு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேனுங்க. சோதனைக்கு ஒத்து வர்ற மிஷினை நாம கண்டுபுடிச்சுப்போட்டோம். நம்ம கடமை அத்தோட முடிஞ்சுதுங்க. இனி ஒத்துப்போக வேண்டியது ஆஸ்பத்திரிதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். மெர்சியும் தட்டினாள். கை தானாகத் தட்டியது.

மிஷின்கள் மருத்துவமனைகளுக்குப் போயின. டிஸ்க்குகளும் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தன. அவை மிக மலிவான, மெதுவான ரகம் என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது. புதுப் படங்களை மிஷின் கண்மூடித் திறப்பதற்குள் வாங்கிக்கொண்டது. பழைய படம் கேட்டால் மட்டும் வட்டம் சுற்றியது. முன்பு மத்தியானம் வரை சுற்றியது, இப்போது சாயங்காலம் வரை சுற்றியது. ஜெரோம் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினார். மகள் வாரியத்தில் இருக்கிறாள் என்று அங்கே யாரிடமும் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். மெர்சியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. போனில் பேசும்போது, "சாப்புட்டியா அம்மணி" என்பார். பிறகு இருமுவார். பிறகு, "சேரி, வெச்சர்றேன்" என்பார்.

மருத்துவமனைகளிலிருந்து புகார்கள் குவிந்தன. வாரியம் கூடி அவற்றைத் தீவிரமாக ஆராய்ந்தது. மெர்சியே நேரில் போய் மிஷினைப் பார்த்துவிட்டு வந்து, மறைக்காமல் சொன்னாள். வரிசையாகக் கேட்டால் அது வேகமாகத் தருகிறது. அடுத்ததையும் அதுவே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்கிறது. வரிசை மாறிக் கேட்டால் தடுமாறி நின்றுவிடுகிறது.

சென்னகேசவன் மேசையைத் தட்டினார். அவர் அப்படித் தட்டி மெர்சி பார்த்ததில்லை.

"பாத்தீங்களா? மிஷின் மேல ஒரு கொறையுமில்ல. ஆஸ்பத்திரிக்காரங்கதானுங்க ஒழுங்கில்லாமக் கேக்கறாங்க. எவன் எப்ப வந்தாலும் அவன் படத்தைத் தொறக்கறதுன்னா அது என்ன ஆஸ்பத்திரிங்களா, சந்தையா?"

சுற்றறிக்கை போனது. இனிமேல் நோயாளிகளின் பழைய பதிவுகளை, வந்த நேரப்படி அல்ல, பதிவு எண் ஏறுவரிசைப்படிதான் திறக்கவேண்டும். இடையில் எந்த எண்ணையும் தாண்டக்கூடாது. தாண்டினால் வரிசை அறுந்துவிடும். கடைசி எண் முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். அந்தந்த எண்ணுக்கான நாளை முன்கூட்டி அறிவித்து நோயாளிகளை வரவழைக்கவேண்டும். சாயிரா பானு தம் பங்குக்கு ஒரு விதியை நினைவூட்டிச் சேர்த்தார். நோயாளியோ அவருடைய வாரிசோ நேரில் இல்லாமல் யாருடைய பதிவையும் திறக்கக்கூடாது. அந்தரங்க விஷயம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஏற்பாடு வேலை செய்தது. படங்கள் திறந்தன. மருத்துவமனைகளிலிருந்து நன்றிக் கடிதங்கள்கூட வந்தன. சென்னகேசவனை மற்ற மண்டலங்களுக்கும் போய் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அரங்கசாமி அன்றைக்கு முதல்முறையாக ஒரு மைசூர்பாகு எடுத்துத் தின்றார்.

ஜெரோமின் எண்ணுக்கு நாள் குறித்து வந்தபோது மெர்சி விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். காந்திபுரத்தில் பஸ் ஏறி, ஈரோட்டில் மாறி, மருத்துவமனைக்குப் போனபோது அப்பா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது.

வராந்தா பெஞ்சுகளில் ஆட்கள் எண் வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. கால் கட்டுப் போட்ட ஒருவர். சிலர் முழு ஆரோக்கியமாக இருந்தார்கள். எப்போதோ ஒரு தடவை கையை முறித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள். இப்போது எந்த வியாதியும் இல்லாவிட்டாலும் எண் வந்ததால் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். திட்டுவார்கள் என்று மெர்சி நினைத்தாள். ஒருவரும் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெரோமுக்கு முன்னால் வெளிர்நீலப் புடவை கட்டிய நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்றுத் தூக்கு இருந்தது.

"உங்களுக்கு என்னங்க பண்ணுது?" என்று மெர்சி பேச்சுக் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. எங்கூட்டுக்காரரு நெம்பருங்க. அவரு போயி ரெண்டு வருசமாச்சு." அவள் தூக்கின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள். "வாரிசு வரோணுமின்னு போன் பண்ணுனாங்க. செத்தவருக்கு என்னத்துக்குங்க படம்னு கேட்டேன். அந்த நெம்பர்ல ஆள் இல்லீன்னா பின்னால இருக்கறவங்களுக்குத் தொறக்காதுன்னாங்க. அடப்பாவமே, யாரோ ஒருத்தர் காத்துட்டிருப்பாங்களேன்னு வந்துட்டனுங்க."

மெர்சி அப்பாவைப் பார்த்தாள். ஜெரோம் இரண்டு கையையும் கூப்பி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்கிருந்துங்க வாரீங்க?" என்று கேட்டார்.

"பர்கூர் மலை அடிவாரமுங்க. காத்தால மொத பஸ்ஸு."

உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "மாசாணம்" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பெண் எழுந்து, "இருக்கறோமுங்க" என்றாள்.

கதவு திறந்தே இருந்தது. விதிப்படி டாக்டர் மானசா அந்தப் பதிவைத் திறந்தார். திரையில் அவள் புருஷன் மாசாணத்தின் நெஞ்சு தெரிந்தது. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். படம் முழுக்க வந்து முடியும் வரை மூட முடியாது. அந்தப் பெண் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அழவில்லை. படம் முடிந்து திரை வெறுமையானதும், "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அடுத்து ஜெரோமைக் கூப்பிட்டார்கள். பழைய படம் உடனே திறந்தது. வட்டம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மெர்சியும் பார்த்தாள். டாக்டர் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போன வருடத்துப் பொட்டு மிளகளவு. பக்கத்துப் படத்தில் அது சுண்டைக்காயளவு இருந்தது.

"எப்ப எடுத்தது இது, புதுசு?" என்று டாக்டர் நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சொன்னாள். முதல் தடவை வட்டம் சுற்றிய அன்றைக்கு எடுத்தது. அதற்குப் பிறகு பல மாதம் ஓடிவிட்டிருந்தது.

"இன்னைக்கே ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேனுங்க. மருந்தும் ஆரம்பிச்சர்றேன். புதுசா ஒரு ஸ்கேனும் எடுத்துக்கலாம். அடுத்த மாசம் வாங்க. மறுபடியும் இந்தப் படங்களையெல்லாம் வெச்சு ஒப்பிட்டுப் பாக்கோணும். மாசாமாசம் பாக்க வேண்டியிருக்கும்."

"சேரீங்க" என்றார் ஜெரோம். அவர் எப்போதும் சொல்கிற மாதிரியேதான் சொன்னார்.

வெளியே வந்தபோது நீலப் புடவைக்காரி இன்னும் போகவில்லை. தூக்கைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்த புளிச்சோற்றை மூடியில் வைத்துக் குழந்தைக்காரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெரோமைப் பார்த்ததும் எழுந்தாள்.

"தொறந்துச்சுங்களா?"

"தொறந்துச்சு தாயி. புண்ணியமாப் போச்சு."

"என்ன சொன்னாங்க?"

ஜெரோம் மெர்சியைப் பார்த்தார். மெர்சி, "அடுத்த மாசம் மறுபடி பாக்கோணுமாமுங்க" என்றாள். அப்பாவின் தோளில் நழுவிய சட்டையை இழுத்துவிட்டாள்.

"அப்படீங்களா" என்றாள் அந்தப் பெண். மடியிலிருந்த சோற்றுப் பருக்கைகளைத் தட்டிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டாள். "அப்ப நானும் அடுத்த மாசம் வந்தர்றேனுங்க."